ரெண்டாவது பிரேக்

"முடியாதுன்னா முடியாது டாக்டர். பழைய பெட்டியே இருக்கட்டும்."

பொருளாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி கடப்பாறை போட்டு நெம்பினாலும் அசைய மாட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த செயலாளர் அம்மா, தொழிலில் பல் டாக்டர். எத்தனையோ கடைவாய்ப் பல்லை அநாயாசமாகப் பிடுங்கிய கை. இந்த மனுஷனிடம் ஒரு சம்மதத்தைப் பிடுங்க முடியவில்லையே என்று அவருக்கு வயிறெரிந்தது.

அவர்களுடையது சின்ன சேவை அமைப்பு. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, கட்டில், ஊன்றுகோல் எல்லாம் இரவல் கொடுப்பார்கள். டயர் கடைக்கு மேலே ரெண்டு அறை. உதவி கேட்டு வரும் மெயிலெல்லாம் மேஜைக்கு அடியில் இருக்கும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் வந்து விழும். போன மாதம் அது படுத்துக்கொண்டது. கட்டில் கேட்டு ஒருவர் எழுதியிருந்ததை, அது எழுந்த பிறகுதான் பார்த்தார்கள். அதுவரை அவருடைய அப்பா தரையில் கிடந்திருக்கிறார்.

"கிளவுட்டுக்கு மாறிட்டா இந்தத் தலைவலியே இல்லை சார். மெயில், கணக்கு, கடிதம் எல்லாம் இன்டர்நெட்லயே பத்திரமா இருக்கும். நம்மள மாதிரி அமைப்புக்கு இலவசமாவே தர்றாங்க."

"கிளவுட்னா மேகம்தானே? மழை பெஞ்சா நம்ம கடிதமெல்லாம் கரைஞ்சிடாதா?"

பல்லைக் கடிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர்தான் டாக்டர். இப்போது நறநறவென்று கடித்தார்.

பொருளாளர் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்தவர். கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்து மிதித்தே பழகிய கால். எந்தத் தீர்மானம் வந்தாலும் ஒரு மிதி மிதிப்பார். அதனால் அமைப்பில் அவருக்கு 'ரெண்டாவது பிரேக்' என்றே பெயர்.

"மயிலு, நீயாவது சொல்லும்மா." டாக்டர் பக்கத்து மேஜைக்குத் திரும்பினார். ஆபீசில் மெயில் பார்ப்பவள் என்பதால் அவள் எல்லோருக்கும் மயிலு. "கிளவுட்டை ஒரே நாள்ல கத்துக்கிட்டியே! இனிமே நீ வீட்ல இருந்தபடியே எல்லா வேலையும் பார்க்கலாம். பஸ்ல இடிபட வேண்டாம்."

மயிலு ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடினாள்.

"எனக்குப் பழசே போதும் டாக்டர்."

நீயுமா? பெரியவர் நல்லா ஓதி வச்சிருக்கார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

கீழே ஹாரன் சத்தம். யாரோ சக்கர நாற்காலி எடுத்துப்போக வந்திருந்தார்கள். மயிலு சாவியோடு இறங்கிப் போனாள்.

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்த பொருளாளர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கென்ன, கிளவுட் தெரியாதுன்னா நினைச்சீங்க? என் பேத்தி போட்டோ பூரா அங்கேதான் இருக்கு. எந்த மழையிலயும் கரையலை."

"பின்ன எதுக்கு சார் என் உயிரை வாங்குறீங்க?"

"வீட்ல இருந்தபடியேன்னு சொன்னீங்களே, அப்ப அவ முகத்தைப் பார்த்தீங்களா?"

டாக்டர் பார்க்கவில்லை.

"என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்க வந்தவ அவ. நான் இருக்கும்போது உனக்கெதுக்குன்னு வீட்டுக்காரர் பாதியில நிறுத்திட்டார். தையல் வகுப்புக்குப் போனா. வீட்டுக்கே மெஷின் வாங்கிப் போட்டுட்டார். டியூஷன் எடுக்கப் போனா. பசங்களை வீட்டுக்கு வரச் சொல்லிட்டார். வெளியில கேட்டா தங்கமான மனுஷன்பாங்க. கை நீட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். வாசலை மட்டும் தாண்ட விட மாட்டார்."

டாக்டர் மயிலுவின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வேலையை நான்தான் பார்த்துக் கொடுத்தேன். ஏன் விட்டார் தெரியுமா? மெயில் இந்தப் பெட்டியில மட்டும்தான் திறக்கும். இதைத் தூக்கிட்டுப் போய் வீட்ல வைக்க முடியாது. அவ வெளியில வர்றதுக்கு இருக்கிற ஒரே சாக்கு இந்த ஓட்டைப் பெட்டிதான் டாக்டர்."

"அதுக்காக இன்னொரு அப்பா தரையில கிடக்கணுமா சார்?"

"அதை நினைச்சாத்தான் எனக்கும் சோறு இறங்கலை."

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. காலையில்தான் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகச் செய்தி போட்டிருந்தார்: 'விரைவில் கிளவுட். இனி எங்கிருந்தும் வேலை செய்யலாம்.' மயிலுவின் வீட்டுக்காரரும் அந்தக் குழுவில் இருக்கிறார். கட்டில் தூக்க ஆள் வேண்டுமென்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர்.

ஆபீஸ் போன் அடித்தது. நினைத்த ஆள்தான்.

"டாக்டரம்மா, நல்ல செய்தி பார்த்தேன். இனிமே எங்கிருந்தும் வேலை செய்யலாமாமே? இன்னிக்கே அவளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிடுறேன். பாவம், பஸ்ல இடிபட்டு வர்றா."

தன் வார்த்தையே தனக்குத் திரும்பி வந்ததைக் கேட்டு டாக்டருக்குச் சுருக்கென்றது.

மயிலு மேலே வந்துவிட்டாள். போனில் கேட்ட குரலை அடையாளம் கண்டு, சாவியும் கையுமாக வாசலிலேயே நின்றாள்.

டாக்டருக்குப் பொய் பிடிக்காது. ரெண்டு வேளையும் பல் விளக்குகிறேன் என்று புளுகுகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்லிக் கையும் களவுமாகப் பிடிப்பவர்.

"அது மத்தவங்களுக்குத்தாங்க," என்றார் நிதானமாக. "மெயில் பார்க்கிறவங்களுக்கு இந்த ஆபீஸ் மேஜையை விட்டா வேற எங்கேயும் திறக்காது. கிளவுட்ல சட்டமே அப்படி. சொல்லப்போனா, இனிமே அவங்க தினமும் அரை மணி நேரம் கூடுதலா இருக்க வேண்டி வரும். நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது."

போனை வைத்தார்.

மேஜைக்கு அடியில் பொருளாளர் வலது காலை மெல்லத் தளர்த்தி நீட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"எங்கே கையெழுத்துப் போடணும் டாக்டர்?"