கோஸுக்கு ஒரு கைப்பிடி

டீயை ஒரு வாய் உறிஞ்சியதும் கோஸ்காரரின் முகம் சுருங்கியது. இன்றைக்கும் சர்க்கரை இல்லை.

“அம்பது தாண்டியாச்சு, உடம்பப் பாத்துக்க வேணாமா?” என்றாள் மனைவி. மூன்று மாதமாக இதே பாட்டுதான்.

அவர் மடக்கென்று விழுங்கினார். அதைவிடக் கசப்பான சங்கதி ஒன்று நெஞ்சில் இருந்தது. இன்று ஏரி ஆய்வாளர் அம்மா வருகிறார்.

போன வருடம் அவருடைய முட்டைக்கோஸ் தோட்டத்து யூரியா வாய்க்கால் வழியே ஏரிக்குப் போய், பாசி மண்டி, மீன்கள் செத்து மிதந்தன. ஆய்வாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நடும்போது ஒரே தடவை, மெல்லக் கரையும் உர உருண்டைகள். அவை மூன்று மாதம் சிறுகச் சிறுகப் பயிருக்கு ஊட்டும். வேறு எதையாவது போட்டு வாய்க்கால் நீர் கெட்டால், இந்த நிலத்தில் இனி காய்கறியே கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒரே வேளைச் சாப்பாடா? கோஸ்காரருக்குப் பெற்ற வயிறு போலப் பற்றி எரிந்தது. வாராவாரம் மனைவி பிரார்த்தனைக்குக் கிளம்பியதும், கொட்டகையிலிருந்த யூரியா டப்பாவைத் திறந்து, “கடவுளே, பாக்காத மாதிரி இருந்துக்கோ” என்று செடிகளுக்குக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுவார். மறுநாள் பாத்தியெங்கும் எறும்புச் சாரை. மண்ணுக்கு உயிர் வந்துவிட்டது என்று பூரித்துப்போவார்.

ஆய்வாளர் வந்தார். வாய்க்கால் நீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டார். உரம் கலந்திருந்தால் சிவக்க வேண்டிய நீர் சிவக்கவில்லை.

“உங்கள மாதிரி சொன்ன பேச்சக் கேக்குறவங்க நாலு பேர் இருந்தாப் போதும், ஏரி பொழச்சுக்கும்” என்று சான்றிதழில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பாராட்டு கோஸ்காரரை முள்ளாகத் தைத்தது. நிலம் போனாலும் போகட்டும், பொய்ச் சோறு வேண்டாம் என்று தோன்றியது அவருக்கு.

“போடாதீங்கம்மா. வாராவாரம் திருட்டுத்தனமா யூரியா போட்டேன்.”

ஆய்வாளர் இன்னும் இரண்டு தடவை சோதித்தார். நீர் சிவக்கவே இல்லை. போட்ட யூரியா எங்கே போனது என்று புரியாமல், கோஸ்காரரின் மனைவி நீட்டிய டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவர் முகமும் சுருங்கியது.

மனைவி கொட்டகைக்குப் போய் யூரியா டப்பாவை எடுத்து வந்தாள். நிதானமாக இரண்டு கரண்டி அள்ளி ஆய்வாளரின் டீயில் போட்டுக் கலக்கினாள். கோஸ்காரர் அலறியடித்துக்கொண்டு டம்ளரைப் பிடுங்கப் பாய்ந்தார்.

“இவரு கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். டப்பாவக் கழுவித்தான் கொட்டி வச்சேன். குடிங்கம்மா, சர்க்கரைதான்.”