ஒற்றைத் தோடு

வெயிலில் களைத்து வந்த அந்த அம்மாள், கைப்பையிலிருந்து ஒரே ஒரு சிவப்புக்கல் தோட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

பழைய தங்கம் வாங்கும் கடைக்காரருக்கு அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களே அதிகம்.

"இது எத்தனாவது கடைம்மா?"

"ஆறாவதுங்க. கால் ஓஞ்சு போச்சு."

"யாருமே நல்ல விலை சொல்லலையாக்கும்?"

"நல்லாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரலை."

சரியான ஆள்தான் என்று நினைத்தபடி அவர் தோட்டைத் திருப்பினார். திருகாணி கழன்றுவிடாமல் பச்சை நூல் சுற்றியிருந்தது.

"அட, இதே பச்சை நூலோட இதுக்கு ஜோடி போன வாரம் வந்துச்சே! ஒரு பையன் வித்துட்டுப் போனான்."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருட்டு நகையாம்மா?" அவர் குரல் இறங்கியது.

"ஐயோ, இல்லைங்க! அவன் என் பிள்ளை. அப்பாவோட சண்டை போட்டு, ஒண்ணை எனக்கு வெச்சுட்டு, ஒண்ணை எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டான். பையன் வந்தானான்னு கேட்டா, போலீஸ் வம்புன்னு எந்தக் கடையிலயும் வாயைத் திறக்க மாட்டாங்க. அதான் விக்கிற மாதிரி ஏறி இறங்கினேன்."

விற்றவர்களின் விலாசம் எழுதும் நோட்டைப் புரட்டி, அவர் அவள் பக்கம் திருப்பினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"சாமி மாதிரி இருக்கீங்க. அன்னைக்கு அவன் சாப்பிட்டிருந்தானாங்க?"

"பசியோடதாம்மா வந்தான். என் டிபன் டப்பாவைத்தான் ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம்."