மணிவண்ணன் சேர்த்த பாயிண்ட்

"பணத்தை என்கிட்ட குடுங்கண்ணே. பில்லை நான் கார்டுல கட்டிடறேன்."

மணிவண்ணன் கையை நீட்டியதும் வீரமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே ஐ.சி.யூ.வில் வீரமணியின் மனைவி அம்சவள்ளி கிடக்கிறாள். அவளுடைய தங்கை புருஷன்தான் இந்த மணிவண்ணன். யார் எதை வாங்கினாலும் காசைத் தான் வாங்கிக்கொண்டு தன் கார்டைத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க பேங்க்காரன் பாயிண்ட் போடுவானாம். அது சேர்ந்தால் இனாமாக ஏதாவது வாங்கிக்கொள்ளலாமாம். பாடாலூர் பங்க்கில் ஊர்க்காரன் பெட்ரோல் போட்டால்கூட விடமாட்டார்.

கவுண்டரில் நின்று சண்டை போட வீரமணிக்குத் தெம்பில்லை. சின்ன வெங்காயம் விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இதுலயுமா சகல?" என்று மட்டும் கேட்டார்.

மணிவண்ணன் பணத்தை எண்ணிச் சட்டைப்பையில் வைத்தார். கார்டைக் கொடுத்துக் கட்டிவிட்டு வந்தார்.

அதோடு வீரமணி அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மணிவண்ணன் மனைவி வெற்றிச்செல்விகூட, இப்படி ஒரு மனுஷனுக்கு வாக்கப்பட்டேனே என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அழுதாள்.

அம்சவள்ளிக்கு நினைவு வரும்போதெல்லாம் மகனைத்தான் கேட்டாள். முத்தமிழ் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் ரெண்டு மாசம்தான் ஆகிறது. டிக்கெட்டுக்கு வழியில்லை என்று போனில் அழுதான். அனுப்பி வைக்க வீரமணியிடமும் எதுவும் மிச்சமில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் முத்தமிழ் பையும் கையுமாக வந்து நின்றான்.

அம்சவள்ளி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாப்ட்டியாடா?" என்றாள். பிடித்த கையை விடவேயில்லை. அன்றைக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வீரமணி மகனிடம் கேட்டார்.

"டிக்கெட்டு உங்க கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தானா?"

"இல்லப்பா. சித்தப்பாதான் கார்டு பாயிண்ட்ல போட்டுக் குடுத்தார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டார்."

வீரமணி நிமிர்ந்து பார்த்தார். வாசலில் மணிவண்ணன் தனியாக வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் போகவில்லை.

"சித்தியை ஒருதடவை பிளேன்ல கூட்டிட்டுப் போவணும்னு வருஷக்கணக்கா சேர்த்து வச்சிருந்தாராம்பா. என் டிக்கெட்டுக்கு அது கொஞ்சம் பத்தலையாம். அம்மாவோட ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினதுலதான் சரியாயிடுச்சாம்."