எதிர்வீடு வரை வரும் வாசனை

ஒற்றைப் பெட்டியோடு தனியாகக் குடிவந்த முதல் வாரமே எனக்குத் தலை வெடித்தது. தையலை எப்போதோ விட்டுவிட்ட எதிர்வீட்டு அம்மா தினமும் காலையில் சம்பங்கி செண்ட்டை மேலெல்லாம் கொட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பார். பூ ஏற்றிய லாரி கவிழ்ந்த மாதிரி மாடி முழுக்க அடிக்கும். இத்தனைக்கும் அவர் எங்கும் போவதில்லை, அவரைத் தேடி யாரும் வருவதுமில்லை.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"செண்ட் கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா."

"உங்க சமையல்கட்டு வரைக்கும் வருதா?"

"கதவைச் சாத்தினாலும் வருது."

அவர் முகம் மலர்ந்தது. எனக்கு எரிச்சல்.

"அப்படி யாருக்காகத்தான் போட்டுக்கிறீங்க?"

"உங்களுக்காகத்தான்."

அவர் என் வீட்டுக் கதவைப் பார்த்தபடி சொன்னார்:

"உங்களுக்கு முன்னாடி இங்க ஒரு வாத்தியார் தனியா இருந்தார். அவர் செத்துக் கிடந்தது, நாத்தம் வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. நானும் தனிக்கட்டை. என்னிக்காவது காலையில இந்த வாசனை வரலைன்னா, அன்னிக்கே வந்து கதவைத் தட்டுங்க."

அன்று மாலை கடைக்குப் போய் நானும் ஒரு செண்ட் பாட்டில் வாங்கினேன். சம்பங்கி வேண்டாமென்று மல்லிகையாகக் கேட்டேன். அவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.