பீட் ஏழின் பதில்

“பீட் ஏழு, பீட் ஏழு. கண்ட்ரோல் கூப்பிடுது. நிலவரம் சொல்லுங்க, ஓவர்.”

ஏட்டு புஷ்பலதா மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். விரலை எடுத்தால்தான் காது திறக்கும். ஒயர்லெஸ்ஸில், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை அழுத்தியவருக்கு எதுவும் கேட்காது. மற்றவர் குறுக்கே பேசினாலும் இரண்டும் மோதிச் சிதறும்.

ட்டக். ட்டக்.

அவ்வளவுதான் பதில்.

ஏழாம் பீட் காவலர் யோவான் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்குச் சுள்ளென்று வந்தது.

பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டால் எல்லா செட்டிலும் அப்படி ஒரு சத்தம் விழும். இரண்டு முறை தட்டினால் ‘சரி’ என்று அர்த்தம். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. வாய் திறக்கச் சோம்பல்பட்ட எவரோ தொடங்கிவைத்த வழக்கம்.

புஷ்பலதாவுக்கு அது ஆகாது. ஆரணியைச் சுற்றி ஆளுக்கொரு பீட்டாக ரோந்து போகும் பன்னிரண்டு காவலர்களுக்கும் ஒரே அலைவரிசைதான். தட்டுக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை. குரல் அப்படியல்ல. ஆள் எங்கே நிற்கிறார், பின்னால் ஓடுவது பவர்லூமா பஸ்ஸா, மூச்சு வாங்குகிறதா, யாராவது பக்கத்தில் நின்று மிரட்டுகிறார்களா என்பது வரை குரலை வைத்தே சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தட்டுகிறவர்களில் முதல் ஆள் யோவான். ஐம்பது வயது, பேச்சு குறைவு. ஒன்பது நாளுக்கு முன் புஷ்பலதா அவர்மேல் ரிப்போர்ட் எழுதினாள். எஸ்.ஐ. அவரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார். அன்று சாயங்காலம் அவரே கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார்.

“தப்புதான் ஏட்டம்மா. வூட்ல சம்சாரம் எது கேட்டாலும் தலையாட்டிகினே காலத்த ஓட்டிட்டேன். இனிமே வாயாலதான் பதில், போதுமா?”

சொன்னபடியே நடந்தார். ஒன்பது நாளும், கோயிலில் ஜெபம் வாசிப்பவரைப் போல, “ஏழாம் பீட், எல்லாம் நலம், ஓவர்” என்று நீட்டி முழக்கினார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இன்று ராத்திரி பதினொன்று பத்துக்கும் முழு வாக்கியமாகத்தான் பேசினார். ஆற்றில் டிராக்டர் வைத்து மணல் அள்ளுகிறார்களாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். தனியாகத்தான் போயிருந்தார்.

பதினொன்று நாற்பது ரோல் கால். இப்போது பழையபடி தட்டு.

“ஏழு, வாயால பேசுங்க. எல்லாரும் கேட்டுகினு இருக்காங்க. ஓவர்.”

ட்டக்.

கொஞ்சம் கழித்து, ட்டக்.

திமிர்தான் என்று நினைத்தாள். வெயிலில் நின்றது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. பதிவேட்டில் பீட் ஏழுக்கு நேரே ‘பதில் இல்லை’ என்று எழுதினாள். விதிப்படி, குரல் வராதது பதில் ஆகாது.

எட்டு பேசி முடித்தது. ஒன்பது பேசத் தொடங்கியபோது நடுவில் ஒரு தட்டு விழுந்து, பாதிச் சொல்லை விழுங்கியது.

“ஏழு! என்னா இது, விளையாட்டா? செட்டைக் கீழ வைங்க. மத்தவங்க பேசட்டும்.”

ஓவர் சொல்ல மறந்துவிட்டாள்.

ட்டக்.

ஜோடித் தட்டுக்காகக் காது காத்திருந்தது. வரவில்லை.

சுவர்க்கடிகாரம் பதினொன்று நாற்பத்து மூன்று காட்டியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எல்லாம் நலம். பிறகு மீண்டும் பீட் ஏழைக் கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட்டாள். தட்டுகூட இல்லை.

அப்போதுதான், நீட்டி முழக்கிய அந்த ஒன்பது நாளும் அவள் நினைவுக்கு வந்தன.

எஸ்.ஐ.யின் ஜீப்பை ஆற்றுப்பக்கம் திருப்பிவிட்டாள்.

பன்னிரண்டு ஐந்துக்கு எஸ்.ஐ. ஆம்புலன்ஸ் கேட்டார். அனுப்பினாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி லைனில் வந்தார்.

“கண்ட்ரோல், ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட ஜல்தி ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க.”

செட் சற்று இரைந்தது.

“தொண்டையில வெட்டு. பேச்சே வந்திருக்காது. விரல் செட்டு மேலயே இருக்குது. கடைசியா எப்போ பதில் குடுத்தாரு? எஃப்.ஐ.ஆர்.ல எழுதணும். ஓவர்.”

பதிவேடு திறந்தே கிடந்தது. ‘பதில் இல்லை.’ அவளுடைய அழகான, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. இந்தப் பழைய செட்டில் பேச்சு பதிவாகாது. பதிவேட்டில் இருப்பதே நடந்தது. கேட்டிருந்த மற்ற பதினோரு பேரும் ஏட்டம்மாவைக் காட்டிக்கொடுக்கிறவர்கள் அல்ல. அந்த வரியை அப்படியே வாசித்தால் போதும்.

பொத்தானை அழுத்தினாள். அழுத்திய உடனே பேசக் கூடாது. முதல் சொல் அறுந்துபோகும். ஒரு நொடி விட வேண்டும். விட்டாள்.

“பதினொண்ணு நாப்பத்து மூணு. அதுவரைக்கும் நாலு தடவை பதில் குடுத்தாரு. நான் பதில் இல்லன்னு எழுதினேன். ஓவர்.”

சொல்லி முடித்த பிறகும் அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.