மூன்றாவது வீட்டுச் சுவர்

வெட்டுக்காயப் பூண்டு முளைத்த இடத்தில் மனிதர் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். அழிந்துவரும் செடியாம். தவமணி அதற்காக இரண்டு வீடு காலி செய்தவள். மூன்றாவது வீட்டுச் சுவர் வெடிப்பிலும் அது பூத்து, முற்றி, பஞ்சு கட்டி நின்றது.

தெருவில் செடிக் கணக்கெடுப்பு அதிகாரி வந்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சகாயமேரி அவரை வழிமறித்தாள்.

"சார், மொதல்ல எங்க வீட்டைப் பாருங்க. ஒரு புல்லுகூட கெடையாது."

அதற்குள் தவமணி செடியை வேரோடு பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். அதிகாரி இரண்டு வீட்டிலும் எதையும் கண்டுபிடிக்காமல் திரும்பிப் போனார்.

பின்பக்கம் வீசிவிடலாமென்று மாடியேறி மடியை அவிழ்த்தாள். குப்பென்று காற்றடித்தது. பஞ்சு விதைகள் பறந்தன. "ஐயோ, போகாதே!" என்று வெறுங்காற்றைத் துழாவினாள்.

"தப்பிச்சிட்டோம்க்கா!" கீழேயிருந்து சகாயமேரி சிரித்தாள். விதைகள் அவள் வீட்டு ஈரச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தன.