குட்டிக்கரணம் போட்ட கரடி

"எங்க கரடியை யாருய்யா கவுத்து வச்சது?"

கம்பெனி அதிகாரி போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. சத்துப் பான டப்பாக்கள் அத்தனையும் தலைகீழாக நின்றன. டப்பாவில் இருக்கும் கரடி, வவ்வால் மாதிரி தொங்கிக்கொண்டு சிரித்தது.

"நேராத்தான் சார் வச்சேன்," என்றான் நெட்டையன். சரக்கு அடுக்குவது அவன் வேலை.

"அப்ப கரடியே எந்திரிச்சு தினமும் குட்டிக்கரணம் போடுதா?"

டப்பாவைக் கவிழ்த்தால் என்ன குடி முழுகிவிடும்? அங்கேதான் விஷயம்.

சர்க்கரை அதிகமுள்ள பண்டத்தில் சிவப்பு வட்டம் போட வேண்டும் என்று சட்டம் எழுத, அரசாங்கம் ஒரு கமிட்டி வைத்தது. கமிட்டிக்குக் கம்பெனிகள் விருந்து வைத்தன. தின்ற வாய் சும்மா இருக்குமா? வட்டம் டப்பாவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எழுதிவிட்டது. கம்பெனி அதை டப்பாவின் அடியில் போட்டது. எறும்புதான் படிக்க வேண்டும்.

குழந்தைகள் கைக்கு எட்டட்டும் என்று டப்பாவைக் கீழ்த்தட்டில்தான் அடுக்கச் சொல்லியிருந்தார்கள். இப்போது கவிழ்ந்ததும், குனிகிற பெரியவர்கள் கண்ணில் முதலில் படுவது சிவப்பு வட்டம்.

"அம்மா, கரடிக்கு என்ன ஆச்சு?" என்றது ஒரு வாண்டு.

"தலை சுத்திருச்சு. இதைக் குடிச்சா நமக்கும் சுத்தும். வா." எடுத்த டப்பாவை அவள் வைத்துவிட்டாள்.

அதிகாரி மேனேஜரிடம் போனார். "இந்த ஆளை வச்சு கடை நடத்தினா எங்க சரக்கு இங்க வராது."

"கேமராவைப் பாருங்க சார், தெரிஞ்சிடும்," என்றான் நெட்டையன்.

மேனேஜர் அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "அது பொம்மைக் கேமரா. வாயை மூடு. நாளைக்குள்ள ஆளைப் பிடிச்சுக் குடு. இல்லேன்னா நீ கிளம்பு."

கிளம்பி எங்கே போவது? இந்த வேலையே அவன் மச்சான் பத்துப் பேர் காலைப் பிடித்து வாங்கிக் கொடுத்தது.

மறுநாள் கடை திறந்ததும் டாய்லெட் பேப்பர் குவியலுக்குப் பின்னால் பதுங்கினான். முழங்கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு அம்மா அதன் மேல் கூடையை வைத்துவிட்டு ஷாம்பு தேடினாள். அப்போதும் அவன் அசையவில்லை.

தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒருவர் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கீழ்த்தட்டு முன்னால் குந்தினார். ஒரு டப்பா, புரட்டு. அடுத்தது, புரட்டு. நெட்டையனுக்கே பொறாமை வரும் வேகம்.

பாய்ந்து காலரைப் பிடித்தான். குவியல் சரிந்தது. மாஸ்க் கழன்றது.

கம்பெனி அதிகாரி.

"சார், நீங்களா? நேத்து என்னை அந்தக் கத்து கத்தினீங்க?"

"கத்தலேன்னா என் மேலதானே சந்தேகம் வரும்."

"உங்க கரடியை நீங்களே ஏன் சார் கவுக்கறீங்க?"

அதிகாரி தரையைப் பார்த்தார். "வட்டத்தை அடியில போடலாம்னு யோசனை சொன்னதே நான்தாம்ப்பா. புரமோஷன்கூடக் குடுத்தாங்க. என் தங்கச்சி, அண்ணன் கம்பெனி சரக்குதானேன்னு நம்பி, அவ பொண்ணுக்கு மூணு வேளையும் கலக்கிக் குடுத்திருக்கா. இப்ப அந்தக் குட்டி சிரிச்சா கிழவி சிரிக்கிற மாதிரி இருக்கு. ஒரு பல்லு உருப்படியா இல்ல. 'மாமா, கரடிக்கு மட்டும் எப்படிப் பல்லு இருக்கு'ன்னு கேக்குது."

"அப்ப வேலையை விட்டுட வேண்டியதுதானே?"

"அந்த அளவுக்கு நல்லவன் இல்லப்பா நான்."

நெட்டையனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

குவியல் சரிந்த சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"இழுத்துட்டுப் போப்பா," என்றார் அதிகாரி. "உன் பொழப்பையாவது காப்பாத்திக்கோ."

"நெட்டை, சிக்கிட்டானா?" அடுத்த வரிசையிலிருந்து மேனேஜர் கத்தினார். "பிடியை மட்டும் விட்டுடாதே."

நெட்டையன் விட்டுவிட்டான்.